கவுஞ்சிக் கிட்டார் வினாவியல்

பாயிரம் இல்லாமல் நூல் தொடங்கக்கூடாது என்பது மரபு. சுருதி சேர்க்காமல் கிட்டாரைத் தொடங்கக்கூடாது என்பதும் மரபுதான். அதை யாரும் மதிப்பதில்லை. இதையாவது மதிப்போம்.

நூற்பெயர் மேலே இருக்கிறது. எல்லை: கொடைக்கானல் மலையில் இந்தப் பக்கம் மன்னவனூர், அந்தப் பக்கம் கிளாவரை. கிளாவரைக்கு அப்பால் கேரளம். அங்கே மழையும் வேறு, இலக்கணமும் வேறு. நுதலிய பொருள்: கிட்டார் வைத்திருப்பவனைப் பார்த்து ஊர் கேட்கும் கேள்விகள். கேட்போர்: இனிமேல் கிட்டார் வாங்கப்போகிறவர்கள். வாங்கிவிட்டவர்களுக்கு இந்நூல் பயன்படாது. ‘ஆமா, ஆமா’ என்று தலையாட்ட மட்டும் உதவும். வழி: பவணந்தி முனிவர் வழி.

சீயகங்கன் கேட்க நன்னூல் செய்த பவணந்தி, வினாவை ஆறாக வகுத்தார்: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. கிட்டாருக்கும் கம்பி ஆறு. இது தற்செயல் என்பாரும் உளர். அவர்கள் ஏழு கம்பிக் கிட்டார் வைத்திருப்பவர்கள், அவர்களோடு நமக்கு வாதம் இல்லை. பன்னிரண்டு கம்பிக் கிட்டார்க்காரர்களிடம் இதே ஆறு வினாவும் இரண்டிரண்டு முறை கேட்கப்படும் என்க.

இனிச் சொல்லாராய்ச்சி. கித்தார், கிதார், கிடார், கிட்டார் என்று நான்கு பாடங்கள் வழங்குகின்றன. கிரேக்கத்துக் கித்தாரா ஸ்பெயின் வழியாக வந்தது என்பது மேலை நாட்டார் கொள்கை. அது கிடக்கட்டும். ‘கிட்டு’ என்றால் நெருங்கு. கிட்டார் என்றால் நெருங்காதவர், அதாவது பகைவர். ஆறு மாதம் பயின்றும் எஃப் கார்டு கைக்கு வராதவர்கள் இந்தப் பிறப்பையே சரியென்பார்கள். ஆகவே இந்நூலில் ‘கிட்டார்’ என்ற பாடமே கொள்ளப்பட்டது. எங்கள் அப்பத்தா சொல்லும் ‘கிட்டாரு’ உகரம் பெற்று நின்றது, பொருள் ஒன்றே.

முதலாவது அறிவினா. தனக்கு விடை தெரிந்திருந்தும் பிறனுக்குத் தெரியுமா என்று பார்க்கக் கேட்பது. ஆசிரியர் மாணவனைக் கேட்பது இவ்வகை என்று பள்ளியில் படித்தோம். கவுஞ்சியில் ஆசிரியர்கள் கிட்டாரைப் பற்றிக் கேட்பதில்லை; கூடாரம் அடிக்க வருகிற பட்டணத்துத் தம்பிகள் கேட்கிறார்கள். நெருப்பு மூட்டி, சுற்றி உட்கார்ந்து, ஊர்க்காரன் ஒருவன் கிட்டாரோடு போவதைக் கண்டால் போதும். “அண்ணா, நீங்க 440-ஆ, 432-ஆ?”

கேட்பது ஏ சுரத்தின் அதிர்வெண்ணை. நொடிக்கு 440 அதிர்வு என்று 1939-இல் லண்டனில் கூடிப் பேசி, 1955-இல் உலகத் தர நிறுவனமும் ஏற்றுக்கொண்டது. 432 என்று வைத்தால் மனம் அமைதியாகும், அண்டத்தோடு இசையும் என்றெல்லாம் ஒரு கூட்டம் சொல்லி வருகிறது. நன்னூல் எட்டு விடைகளை வகுத்ததில் ஒன்று வினா எதிர் வினாதல். அதை இங்கே எடுத்தேன். “தம்பி, இந்தப் பனியில ஒரு மணி நேரமா வெளியே கிடக்கிற உன் கிட்டார் இப்ப எத்தனையில இருக்கு?” தம்பி செல்போனை எடுத்துப் பார்த்தார். 440-உம் இல்லை, 432-உம் இல்லை. அமைதி நிலவியது. அறிவினாவுக்கு இவ்வளவு போதும்.

அறியா வினாவே வினாக்களுள் உயர்ந்தது என்பது எம் கொள்கை. பூண்டைக் கட்டுக் கட்டாக முடிந்துகொண்டிருந்த ஓர் அண்ணன் கேட்டார்: “இதுல எதுக்கு ஆறு கம்பி? ஒவ்வொண்ணும் என்ன சத்தம்?” இதைவிடச் செம்மையாக ஒருவர் கேட்க முடியாது. இதற்கு இ, ஏ, டி, ஜி, பி, இ என்று சொல்லிவைப்பது கேட்டவரை ஏய்ப்பது. பஜனையில் ஆர்மோனியம் பார்த்த எவருக்கும் கட்டைக் கணக்கு புரியும். தடித்த கம்பியிலிருந்து எண்ணினால் 3 கட்டை, 6 கட்டை, 2 கட்டை, 5 கட்டை, 7 கட்டை, மெல்லிய கம்பி மறுபடியும் 3 கட்டை, ஆனால் இரண்டு ஸ்தாயி மேலே. அவ்வளவுதான். மெல்லியதுதான் ஒன்றாம் கம்பி; தலைமாட்டில் நிற்கும் தடியனுக்கு ஆறாம் இடம். இது ஏன் என்று யாரும் கேட்பதில்லை, நல்லது.

கம்பிக்குக் கம்பி இடைவெளி ஸட்ஜத்திலிருந்து சுத்த மத்திமம் வரை, அதாவது ஐந்து அரைச்சுரம். ஒரே இடத்தில், 5 கட்டைக்கும் 7 கட்டைக்கும் நடுவில் மட்டும், ஸட்ஜத்திலிருந்து அந்தர காந்தாரம், நாலு அரைச்சுரம். அந்த ஒன்றையும் ஐந்தாக வைத்திருந்தால் கணக்கு அழகாக இருந்திருக்கும், விரல்கள்தான் கார்டு பிடிக்க முடியாமல் தவித்திருக்கும். இதிலிருந்தே சுருதி சேர்க்கும் வழியும் கிடைக்கிறது. டவர் இல்லாத பொழுதில் செல்போனை நம்பாதவர்களுக்கான வழி: ஆறாம் கம்பியை ஐந்தாம் பிரெட்டில் அழுத்தி, வரும் ஒலிக்கு ஐந்தாம் கம்பியைச் சேர்க்க வேண்டும். இப்படியே கீழே போக வேண்டும். மூன்றாம் கம்பியில் மட்டும் நாலாம் பிரெட். மறந்து அங்கேயும் ஐந்தில் அழுத்திவிட்டு, ‘கிட்டார் சரியில்லை’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்கள் உண்டு.

பிரெட் என்றது வீணைக்காரர்கள் மெட்டு என்பதை. வீணையில் இருபத்து நான்கு மெட்டும் மெழுகில் உட்கார்ந்திருக்கும். பிசகினால் மெழுகை இளக்கி மறுபடி நிறுத்தலாம். கிட்டாரில் மரத்தை அறுத்து அடித்து இறக்கியது, பிசகினால் பிசகியதுதான். அதனால் கணக்கு முதலிலேயே சரியாக இருக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டவர்களில் ஒருவர் வானியல் கலிலியோவின் அப்பா வின்சென்சோ, லூட் வாசித்தவர். கம்பி நீளத்தில் பதினெட்டில் ஒரு பங்கு தள்ளி முதல் பிரெட், மிச்சத்தில் பதினெட்டில் ஒரு பங்கு தள்ளி அடுத்தது என்றார். பன்னிரண்டு தடவை தள்ளிப் பார்த்தால் சரிபாதிக்கு ஒரு மயிரிழை முன்னதாகவே நின்றுவிடும். இப்போது பதினெட்டுக்குப் பதில் 17.817 என்று போடுகிறார்கள். 65 சென்டிமீட்டர் கம்பிக்கு முதல் பிரெட் 3.65-இல் விழும், பன்னிரண்டாவது கச்சிதமாக 32.5-இல். ஆகவே புதுக் கிட்டார் வாங்கும்போது நல்ல மரமா என்று தட்டிப் பார்ப்பதற்கு முன்னால், நூல் பிடித்து அளந்து பார்க்கலாம். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

“விரல் வலிக்குமா?” இதுவும் அறியா வினாவே. விடை, நேர் விடை: வலிக்கும். மூன்று, நான்கு வாரத்தில் விரல்நுனி காய்த்துவிடும். “நம்ம கைதான் ஏற்கனவே காய்ச்சிருக்கே” என்று அண்ணன் உள்ளங்கையைக் காட்டினார். மண்வெட்டிக் காய்ப்பு உள்ளங்கையில் விழுவது, கிட்டார்க் காய்ப்பு விரல்நுனியில் விழுவது. ஒன்று மற்றொன்றுக்கு ஆகாது. நாற்பது வருடம் மலைச்சரிவில் பாத்தி வெட்டிய கை, 7 கட்டைக் கம்பியை ஐந்து நிமிடம் அழுத்திவிட்டு உதறிக்கொண்டதைக் கண்ணால் கண்டேன்.

இனி ஐய வினா. கயிறா பாம்பா என்று இலக்கணத்தில் காட்டுவார்கள். எங்கள் ஊரில் அது ‘சுருதி போனதா, காது போனதா’ என்று வரும். நூலில் இந்த இயலே பெரியது, ஏனெனில் கவுஞ்சியில் கிட்டார் பற்றிய ஐயங்களில் முக்கால்வாசிக்கு விடை ஒன்றே: வானம்.

வத்தலக்குண்டு வெயிலில் சேர்த்த சுருதி, பஸ் பெருமாள்மலை ஏறுவதற்குள் மேலே ஏறிவிடும். குளிரில் எஃகுக் கம்பி சுருங்கும், சுருங்கினால் இறுகும், இறுகினால் ஒலி உயரும். கிட்டாரும் நம்மோடு மலை ஏறுகிறது என்று கொள்ளலாம். மரத்துக்கோ குளிரைவிட ஈரமே பெரிது. கிட்டார் செய்பவர்கள் காற்றில் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருக்க வேண்டும் என்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் கவுஞ்சியின் மூடுபனிக்கு இதைப் படித்துக் காட்டினால் சிரிக்கும். அந்த மாதங்களில் மேற்பலகை தண்ணீர் குடித்து உப்பும். உப்பினால் கம்பிகளைத் தாங்கும் குதிரையைத் தூக்கும்; கம்பிக்கும் பிரெட்டுக்கும் இடைவெளி கூடும்; கம்பி சைக்கிள் பிரேக் கம்பிபோல அழுத்தவே வராது. தை பிறந்து, விடியலில் உறைபனியும் பகலில் காய்ந்த காற்றுமாக இருக்கும்போது அதே பலகை வற்றும். இடைவெளி குறைந்து கம்பி பிரெட்டில் உரசி இரையும். விரல்பலகை மரம் சுருங்க, உலோகம் சுருங்காமல் நிற்க, பிரெட் முனைகள் ஓரத்தில் துருத்தி இடது கையைக் கீறும். “கிட்டார் கடிக்குதுப்பா” என்று ஒரு சிறுவன் சொன்னான். துல்லியமான சொல்.

ஆகவே ஐயம் இது: இரைச்சலுக்குக் காரணம் கழுத்து வளைந்ததா, பலகை வற்றியதா? தெளியும் வழி உண்டு. ஆறாம் கம்பியை ஒரு கையால் முதல் பிரெட்டிலும், மறுகையால் கழுத்து உடலோடு சேருமிடத்துப் பிரெட்டிலும் அழுத்திப் பிடித்தால் கம்பி அளவுகோல் ஆகிவிடும். நடுவில், ஏழாம் பிரெட் அருகே, ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் கழுத்து நலம். இடைவெளியே இல்லையென்றால் கழுத்து பின்னால் சாய்ந்தது; தீப்பெட்டி நுழைந்தால் முன்னால் வளைந்தது. கழுத்துக்குள்ளே ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது, டிரஸ் ராட் என்பார்கள். கிப்சன் தொழிற்சாலையைச் சேர்ந்த தாடியஸ் மெக்ஹ்யூ என்பவருக்கு 1923-இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. அலன் கீ போட்டு வலப்பக்கம் திருகினால் கழுத்து நிமிரும், இடப்பக்கம் திருகினால் தளரும். ஒரு தடவைக்குக் கால் சுற்று. அதற்கு மேல் வேண்டாம். கீழே ஒரு ஊரில் (ஊர்ப் பெயர் வேண்டாம், இன்னும் அந்தப் பக்கம் போக வேண்டியிருக்கிறது) ஒரு பழுதுபார்ப்பவர் என் முதல் கிட்டாரின் ராடை ஜீப் சக்கரத்து நட்டைப்போல முறுக்கினார். ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. “சரியாயிருச்சு” என்றார். மறை விடை கூற வேண்டிய இடத்தில் நேர் விடை கூறினார் என்க.

அடுத்த ஐயம், கிட்டாரை எங்கே வைப்பது. இதில் ஊர் இரண்டு பட்டது. ‘அடுப்புக்கிட்ட வை, காஞ்சு கிடக்கும்’ என்றது ஒரு கட்சி. ‘பூண்டு எங்க கெடாம தொங்குதோ அங்கயே தொங்கவிடு’ என்றது மறு கட்சி. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டை மாதக்கணக்கில் கெடாமல் காப்பவர்கள் சொன்னதால் இரண்டாம் கட்சியை நான் எளிதில் தள்ளவில்லை. காற்றோட்டம், தரை ஈரம் படாமை, ஒரே சீரான தட்பவெப்பம் என மூன்றும் கிட்டாருக்கும் பொருந்தும். பொருந்தாதது கூரைக்கடியில் சேரும் அடுப்பனல். கிட்டாரின் குதிரை பசையில்தான் ஒட்டி நிற்கிறது. எஃகுக் கம்பிகள் ஆறும் சேர்ந்து அந்தக் குதிரையை எழுபது கிலோ அளவுக்கு இழுத்துக்கொண்டே இருக்கின்றன. ஒரு உருளைக்கிழங்கு மூட்டையைவிட அதிகம், இரவு பகலாக. சூட்டில் பசை இளகினால் மூட்டை இறங்கிவிடும். ஆகவே: பெட்டிக்குள் வை, உள்ளே இரண்டு சிலிக்கா பொட்டலம் போடு, பெட்டியை அடுப்பில்லாத உள்சுவர் ஓரமாக நிறுத்து. வெளிக்குளிரிலிருந்து வந்ததும் பெட்டியைத் திறக்காதே. சில்லிட்ட மரத்தில் வீட்டு ஈரம் வியர்த்து நிற்கும். முழுப்பலகைக் கிட்டார் ஒலியில் உயர்ந்தது, உண்மை. ஆனால் இந்த மூடுபனிக்கு ஒட்டுப்பலகைக் கிட்டாரே தாங்கும். ஏழைக்கு வானம் செய்த சிறு உதவி.

கொளல் வினா கடைக்காரனிடம் கேட்பது: “ஒண்ணாம் கம்பி ஒண்ணு இருக்கா?” ஆறில் அடிக்கடி அறுவது அதுவே; கால் மில்லிமீட்டர் கனம், தாங்கும் எல்லைக்குப் பக்கத்திலேயே எப்போதும் நிற்கும் இழுப்பு. கடைக்காரர் “ரெண்டாம் கம்பி இருக்கு” என்றார். இதை நன்னூல் இனமொழி விடை என்னும். வாங்கி வந்து ஒன்றாம் கம்பியாக முறுக்கினேன். அதன் முடிவு உற்றது உரைத்தலில் அடங்கும்.

நைலான் கம்பி கேட்டால் நைலான் கிட்டாருக்கே கேட்க வேண்டும். அதற்கு இழுப்பு எஃகில் ஏறக்குறையப் பாதி. மெலிந்த உடம்புள்ள கிளாசிக்கல் கிட்டாரில் எஃகு மாட்டியவர்கள் குதிரையைத் தனியாகக் கையில் எடுத்து வந்திருக்கிறார்கள். நைலானுக்கு முன்னால் அங்கே ஆட்டுக்குடல் நரம்பு இருந்தது. இரண்டாம் உலகப் போரில் குடல் நரம்பு தட்டுப்பாடாகிவிட, நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர் நைலான் இழையை எடுத்து, கிட்டார்க் கலைஞர் செகோவியாவின் துணையோடு 1940-களில் கம்பியாக்கினார். எங்கள் பக்கத்தூர் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பாரத் மெரினோ ஆடுகள் புல்வெளியில் மேய்கின்றன. கம்பளிக்காகத்தான். ஆனாலும் நான் கிட்டாரோடு அந்த வழி போகும்போது ஓர் ஆடு நிமிர்ந்து பார்ப்பதாகத் தோன்றும்.

பிக் இருக்கா என்பதும் கொளல் வினாதான். காலாவதியான ஏடிஎம் அட்டையை வெட்டிக்கொள்ளச் சொல்லலாம். இது ஏவல் விடை.

கொடை வினா, கொடுப்பதற்காகக் கேட்பது. கவுஞ்சி ஈகைக்குக் குறைந்ததல்ல. “தேங்காயெண்ணெய் தரவா, கட்டைக்குத் தடவ?” “கதவுக்கு வாங்குன வார்னிஷ் கொஞ்சம் மிச்சமிருக்கு, தரவா?” “சைக்கிள் செயினுக்குப் போடுற ஆயில் இருக்கு, வேணுமா?” இந்த மலைத்தொடருக்கு உரியவன் பேகன், குளிரும் என்று மயிலுக்குப் போர்வை ஈந்தவன். வேண்டுமா என்று மயிலைக் கேட்டதாகத் தெரியவில்லை. எங்கள் ஊரார் கேட்டுவிட்டுத்தான் தருகிறார்கள்; அந்த வகையில் முன்னேற்றம். அந்தப் பேகனிடம் மழைக்காலத்து மாலையில் சீறியாழைச் செவ்வழிப் பண்ணுக்கு அமைத்துப் பாடியதாகப் பரணர் புறநானூற்றில் சொல்கிறார். இந்த மலைப் பக்கம், இந்த ஈரத்தில், நரம்புக்கருவிக்குச் சுருதி சேர்த்த பழைய சான்று அது. எத்தனை முறை சேர்த்தார் என்று பரணர் சொல்லவில்லை. புலவர் மானம்.

தேங்காயெண்ணெய்க்கு விடை மறுத்தல். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். கவுஞ்சியில் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தாலும் வராது. விரல்பலகையில் தடவினால் பிரெட் இடுக்கில் வெண்ணெயாக நின்று அழுக்கைச் சேர்க்கும், நாள்பட்டால் காறும். பூச்சு இல்லாத ஈட்டி மரத்து விரல்பலகைக்கு வருடத்துக்கு ஒருமுறை, இரண்டுமுறை, கிட்டாருக்கென்று விற்கும் எண்ணெய் நாலு சொட்டு, உடனே துடைத்தல், போதும். வார்னிஷ் அறவே கூடாது; மேற்பலகைக்குக் கனம் கூடினால் அதிர்வு செத்துப்போகும். செயின் ஆயிலைப் பற்றி நூல் மௌனம் சாதிக்கிறது. உண்மையில் கம்பிக்கு வேண்டியது எண்ணெய் அல்ல, பழைய வேட்டித் துணி. வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் கிள்ளிப் பிடித்து ஒரு இழுப்பு. பூண்டு உரித்த கையோடு தொட்டால் கட்டாயம் இரண்டு இழுப்பு. பூண்டில் கந்தகம், கம்பிச் சுற்றில் செம்பு கலந்த உலோகம், இரண்டும் சேர்ந்தால் கறுப்பு.

ஈட்டி என்றதால் ஒரு கிளைக்கதை. மேலை நாட்டார் கிட்டாருக்குப் பிரேசில் நாட்டு ரோஸ்வுட்டையே உயர்வாக வைத்திருந்தார்கள். அது அரிதாகவே, 1833 முதல் கிட்டார் செய்துவரும் அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1969-இல் இந்திய ஈட்டிக்கு மாறியது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில் வளரும் அதே தோதகத்தி. கவுஞ்சியின் உயரத்துக்கு அது ஏறுவதில்லை. 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழ்நாட்டில் பட்டா நிலத்து ஈட்டியைக்கூட அனுமதியின்றி வெட்ட முடியாமல் ஆனது. 2017 தொடக்கத்தில் அழிவுறும் உயிரினங்களுக்கான உலக வணிக ஒப்பந்தத்திலும் கட்டுப்பாடு வந்து, கடல் தாண்டி விற்கிற கிட்டாருக்கெல்லாம் சான்றிதழ் கேட்டார்கள். 2019 இறுதியில் முடிந்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. மலையிலிருந்து கீழே இறங்கி, கடல் கடந்து, விரல்பலகையும் குதிரையும் ஆகி, திரும்ப மலையேறி வந்து தேங்காயெண்ணெய்க்கு ஆளாகிறது மரம்.

கடைசியாக ஏவல் வினா. கேள்வி போலிருக்கும், கட்டளை. “இளைய நிலா வாசிக்க மாட்டியா?” 1982-இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ வந்தது முதல் தமிழ்நாட்டில் கிட்டார் தூக்கிய எவரும் இதற்குத் தப்பியதில்லை. இளையராஜாவின் ஊர் பண்ணைப்புரம் இந்த மலைகளுக்குக் கீழே, தேனிப் பக்கம். அந்தப் பாட்டின் கிட்டாரை வாசித்தவர் சந்திரசேகர். அவர் விரல் ஓடிய ஓட்டம் கேட்பதற்கு மூடுபனி நகர்வதுபோல இருக்கும்; வாசிக்கப்போனால்தான் பள்ளத்தில் இறங்குவது தெரியும். இதற்குத் தப்பவே பவணந்தி எட்டு விடை வைத்தார் என்பது என் துணிபு. “இப்ப விரல் வலிக்குது”: உற்றது உரைத்தல். “வாசிச்சா ஒண்ணாம் கம்பி அறுந்துரும்”: உறுவது கூறல். “வேணும்னா புல்லாங்குழல் ஊதறேன்”: இனமொழி. “நீங்க பாடுங்கண்ணே, நான் கேக்கறேன்”: ஏவல். “வாசிக்காம இருப்பேனா?”: வினா எதிர் வினாதல், இது ஆபத்தானது, ஏனெனில் ஊர் இதை நேர் விடையாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

உட்கார்ந்துவிட்டால் வழி கேப்போ. கழுத்தில் கவ்வவிட்டால் எல்லாக் கம்பிக்கும் ஒரேயடியாகக் கட்டை ஏறும். எஃப்பைப் பிடிக்காமல் எளிய பிடிகளிலேயே பாடுபவரின் சுருதிக்குப் போய்ச் சேரலாம். முதல் பிரெட்டில் வைத்து இ பிடித்தால் காதுக்கு எஃப் வரும். பகைவரை நேரே எதிர்க்காமல் பக்கத்து வரப்பு வழியாகப் போவது.

இவ்வளவு எழுதி வாசலில் கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தபோது, கீழ்ப் பாத்திகள் மறைந்து பனி வீட்டு முற்றத்துக்கு வந்திருந்தது. ஒன்றாம் கம்பியைத் தொட்டேன். 3 கட்டை தாண்டி எங்கோ போயிருந்தது. எதிர்வீட்டுத் திண்ணையில் அப்பத்தா போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, “ஏப்பா, அதை உள்ள எடுத்து வைக்க மாட்டியா?” என்றாள்.

எடுத்து வைத்தேன்.